சூளையை அணைத்த மனு

"என் கண்ணைப் பாருடா!"

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அனந்து மாமா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஈரத் துண்டு, கையில் ரசக் கரண்டி. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன. மூக்கில் தண்ணீர் கொட்டியது. துண்டால் துடைத்துத் துடைத்து மூக்கு நுனியும் சிவந்துவிட்டது.

"நாப்பது வருஷமா விறகடுப்பு முன்னால நிக்கறவன் நான். அடுப்புப் புகை என்னை ஒண்ணும் பண்ணாது, கேட்டியா. இது வேற புகைடா. துணி கருகற நாத்தம், மருந்து நாத்தம். நான் சாதம் வடிக்கற நேரம் பார்த்துத்தான் கொளுத்தறா. பெரிய டாக்டருக்கு ஒரு வரி எழுதிக் குடு. வார்டுக்கெல்லாம் சாப்பாடு விளம்பி முடிச்சப்புறம், மூணு மணிக்குக் கொளுத்தட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அந்த மனுஷர் சொன்னார். நேரத்தை மாற்றச் சொன்னார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. இதை நான் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன், பிற்பாடு அவர் தலையில் யாரும் பழி போடக்கூடாது.

பத்திரிகை ஆசிரியர் எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். தம்பானூர் ரயிலடியைப் பற்றிப் போன வாரம் எழுதியது இதமாக இருந்ததாம், அதே மாதிரி சாந்தமாகத் தொடரவேண்டுமாம். மன்னிக்க வேண்டும். இந்த வாரம் சாந்தம் கிடையாது. இத்தனை வருஷம் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. யார்மேல் எரிகிறது என்பது போகப் போகத் தெரியும்.

மூன்று வாளி

ஊர் திருவனந்தபுரம். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. வலியசாலையில் எங்கள் தெருவில் என் இங்கிலீஷுக்கு ஒரு பெயர் இருந்தது. கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். அதற்காகவே ஆஸ்பத்திரி ஆபீஸில் குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டார்கள். அனந்து மாமாவும் எங்கள் தெருதான். உறவில்லை, ஆனாலும் மாமா. எல்லா ஜாதியாரும் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஆஸ்பத்திரிச் சமையலுக்குப் பிராமணரை வைத்திருந்த காலம் அது.

அவர் கண்ணைக் கரித்த புகை, கொல்லைப்புறத்துச் சூளையிலிருந்து வந்தது. அதற்கு இங்கிலீஷில் ஒரு நீளப் பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லாரும் சூளை என்றே சொன்னோம். ஆள் உயரச் செங்கல் கட்டடம், முன்னால் இரும்புக் கதவு, மேலே தகரக் குழாய். பெரிய டாக்டர் எங்கேயோ போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆசையாகக் கட்டினது. சமையற்கட்டுக்கும் பின் மதிலுக்கும் நடுவில் நின்றது.

டாக்டர் கட்டினாரே தவிர, அதை ஆண்டது தலைமை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர். நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம். குள்ளம், கறுப்பு, நடக்கும்போது செருப்புச் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஹெட்கிளார்க்கே மேஜைமேல் நீட்டின காலைக் கீழே இறக்கிக்கொள்வார்.

சிஸ்டரின் சட்டம் மூன்று வாளி. புண்ணில் கட்டிய துணியும் பஞ்சும் ஒரு வாளி, மூடியோடு. க்ஷயரோக வார்டின் கோழை ஒரு வாளி, அதில் மரத்தூள் போட்டிருக்கும். உடைந்த ஊசி, மருந்துக் குப்பி எல்லாம் ஒரு தகர டின். ஒன்றில் போடவேண்டியதை இன்னொன்றில் போட்டுவிட்டால், நர்ஸானாலும் கம்பவுண்டரானாலும் வார்டு நடுவில் வைத்துக் கேட்பாள்.

"நீரு வீட்டுல கறிவேப்பிலையும் கண்ணாடித் துண்டையும் ஒரே டப்பாலயா போட்டு வைப்பீரு? அள்ளுகவளும் மனுசி தானே?"

அள்ளுகிறவள் மாடத்தி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்டி வேலைக்கென்று கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்களில் ஒருத்தி. முப்பது வயசு இருக்கும். பெரிய வாய், அதைவிடப் பெரிய சிரிப்பு. பின் மதிலை ஒட்டி ஆறு குடிசை, ஒரு கிணறு. அதில் கடைசிக் குடிசை அவளுடையது.

சிஸ்டர் அவளுக்கு முழ நீளத்தில் இரும்பு இடுக்கி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். எதையும் கையால் தொடக்கூடாது. இடுக்கியால் எடுத்து நேரே சூளைக்குள் போட வேண்டும். மிஞ்சுகிற சாம்பலைத்தான் மண்ணில் புதைக்க வேண்டும். வாளியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்க்க வேண்டும். மாடத்தி இதை ஒரு நாள்கூடத் தப்பாகச் செய்ததில்லை. சூளைக் கதவை மூடியதும் அவளே கையைத் தட்டிவிட்டு, "போச்சு சனியன்!" என்பாள். அது எங்கள் ஆபீஸுக்குக் கேட்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் அகத்தில் இந்தச் சமாசாரத்தை எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊரைத் திட்டுகிறவன் தன் வீட்டை விட்டுவிட்டால் அது அயோக்கியத்தனம்.

என் பெரியப்பாவுக்கு க்ஷயம். நான் பத்து வயசுப் பையன். அவரை வீட்டின் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டின அறையில் வைத்திருந்தார்கள். இருமி இருமித் தேங்காய்ச் சிரட்டையில் துப்புவார். சிரட்டை நிறைந்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை எடுத்து, பின் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவாள். பிறகு நேரே கிணற்றுக்குப் போய்த் தலையோடு நாலு வாளித் தண்ணீர். அவ்வளவுதான், சுத்தம்! மடிப்புடவை கட்டிக்கொண்டு சமையலுக்கு வந்துவிடுவாள்.

டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். "தூக்கிப் போடாதீர்கள், மரத்தூள் போட்டு எரித்துவிடுங்கள்" என்றார். அப்பா அவர் போகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"அக்னியில எச்சிலைப் போடறதா? என்ன பேச்சு இது! நாலு எழுத்துப் படிச்சுட்டா வாய்க்கு வந்ததைச் சொல்லிடறதா?"

ஆக, சிரட்டைகள் சுவருக்கு அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஒரு சந்து. தெருவின் பின்பக்கத்துக் கக்கூஸ்களை அள்ள வருகிறவர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் வெறுங்காலோடு வருவார்கள், போவார்கள். அம்மாவுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் எங்களுக்குச் சுவரோடு உலகம் முடிந்துவிட்டது. எச்சில் கைபட்டால் குடத்துத் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்த வீடு அது. அந்தச் சந்தில் நடந்தவர்களுக்கு இருமல் வந்ததா என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் வளர்ந்த பையன்தான் ஆஸ்பத்திரி ஆபீஸில் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

நான் சேர்த்த சரக்கு

அனந்து மாமா கேட்ட ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். சமையல்காரர் கண் எரிகிறது, மூன்று மணிக்குக் கொளுத்தினால் நல்லது என்று எழுதிப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. சமையல்காரன் கண் எரிந்தால் யாருக்கு என்ன? பெரிய டாக்டர் சிரித்துவிட்டு மூலையில் போட்டுவிடுவார். என் இங்கிலீஷுக்கு அதில் வேலையே இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த நாசமாய்ப் போன யோசனை வந்தது.

காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். நோயாளிகளின் ரத்தமும் சீழும் எச்சிலும் எரிந்த புகை சமையற்கட்டுக்குள் புகுந்து சாதத்தின்மேல் படிகிறது. இதனால் அன்னம் தீட்டுப்படுகிறது. இன்னின்ன ஜாதியார் இந்த உணவை உண்ணுவது ஆசாரத்துக்கு ஒவ்வாது. இது நீடித்தால் ஜாதி ஹிந்துக்கள் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மறுப்பார்கள், அதனால் நகரத்தில் பெரிய மனஸ்தாபம் ஏற்படும். ஆகையால் சூளையை அடியோடு நிறுத்த உத்தரவாக வேண்டும்.

எழுதி முடித்ததும் எனக்கே முதுகில் தட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வராந்தாவில் காத்திருந்த நோயாளிகளின் உறவுக்காரர்களிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். "அட, ஆமாம், இதை நாங்கள் யோசிக்கவே இல்லையே!" என்றார் ஒருவர். பத்துப் பன்னிரண்டு கையெழுத்து நின்ற நிலையில் கிடைத்தது. அதுவரைக்கும் அவர்கள் எல்லாரும் அந்தச் சாதத்தை ரசம் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு தீட்டும் தெரியவில்லை.

ஹெட்கிளார்க் மலையாளத்துப் பிள்ளை ஜாதிக்காரர். என்னோடு பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். மனுவை இரண்டு தடவை படித்தார்.

"எடோ, இந்த ஹர்ஜி நீ எழுதினதாணோ? பலே! இது போகும்."

போயிற்று. எங்கள் ஆபீஸில் ஒரு ஜன்னல் கொக்கிக்கு எழுதினால் ஒரு வருஷம் ஆகும். இந்த மனுவுக்கு எட்டாம் நாள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. சூளை நிறுத்தப்பட வேண்டியது. கழிவுகளைக் கொல்லைக் கோடியில் குழி வெட்டிப் போட வேண்டியது.

கொல்லைக் கோடி என்றால் எங்கே? பின் மதில். அந்த ஆறு குடிசை. அந்தக் கிணறு.

பெரிய டாக்டர் உத்தரவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களால் இந்தத் தேசம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அனந்து மாமாதான் என்னிடம் வந்து சண்டை போட்டார்.

"ஏண்டா, நான் தீட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? கண்ணு எரியறதுன்னுதானே சொன்னேன்? மூணு மணிக்குக் கொளுத்துன்னுதானே சொன்னேன்?"

"அப்படி எழுதினா நடக்காது மாமா."

"இப்ப என் பேரைச் சொல்லிச் சூளையையே அணைச்சுட்டியேடா. அந்தச் சிஸ்டரம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். வாசகர்களே, அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இடுக்கியைப் பூட்டினோம்

இன்னொரு கூத்தும் உண்டு. சூளையை நிறுத்தியதும் அதைச் சேர்ந்த சாமான்களை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்று விதி. கம்பி, சாம்பல் வாரி, மண்வெட்டி, இடுக்கி. இடுக்கி சூளைச் சாமானாம்! ஒப்படைத்த சாமான்களின் ஜாபிதா எழுதினது நான். மாடத்தி கையிலிருந்து அதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

"அப்ப நான் எதால அள்ளட்டும்?" என்று கேட்டாளாம். ஸ்டோர்க்காரன் தோளைக் குலுக்கினானாம்.

குழியில் போடுவதை நாய் இழுக்கும். இழுத்ததை மறுபடி எடுத்துப் போட வேண்டும். விடிந்ததும் தன் குடிசை வாசலில் கிடக்கிற சீழ்த்துணியை அவள் கையால் பொறுக்கினாள். நான் பத்து மணிக்குக் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வருவேன். அதற்குள் அங்கே எல்லாம் பெருக்கியிருக்கும். கொல்லைப்புறத்துக்கு நான் போனதே இல்லை. போகவேண்டிய வேலை எனக்கு என்ன இருக்கிறது?

எஸ்தர் சிஸ்டர் மூன்று கடிதம் எழுதினாள். குழி நிறைந்துவிட்டது, நாய் வருகிறது, கிணறு பக்கத்தில் இருக்கிறது, இடுக்கியையாவது திருப்பிக் கொடுங்கள். அவள் இங்கிலீஷில் ஒரு அலங்காரமும் இருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதுவாள். மூன்றின்மேலும் 'பார்க்கலாம்' என்று எழுதிக் காகிதக் கட்டோடு சேர்த்தோம். கட்டிக் கட்டி வைத்த கை என்னுடையது.

ஜூன் பிறந்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஆரம்பித்தால் துணி காயாது, சுவர் காயாது. குழி நிரம்பி வழிந்தது. மேலே மிதந்ததை அமுக்கி மண் போடச் சொல்லிக் கங்காணி விரட்டினான். மாடத்தி முழங்கால் தண்ணீரில் நின்று கையால் அமுக்கினாள். அடியில் உடைந்த குப்பி ஒன்று கிடந்தது.

வலது உள்ளங்கை கிழிந்தது. மஞ்சள் அப்பிக்கொண்டு அடுத்த நாளும் வேலைக்கு வந்தாள், வராவிட்டால் இடம் போய்விடும். மூன்றாம் நாள் முழங்கை வரைக்கும் வீங்கிற்று. சிஸ்டர் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய டாக்டர் முன்னால் நிறுத்தினாள். அந்தக் காலத்தில் இந்தப் பென்சிலின் எல்லாம் ஏது? சீழ் ஏறிவிட்டால் அறுப்பதுதான். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் போயின. உயிர் போகாததே பெரிசு என்றார்கள்.

எனாமல் தட்டு

மத்தியானம் பன்னிரண்டரை. நான் ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. ஹெட்கிளார்க் காலை இறக்கிக்கொண்டார்.

சிஸ்டர் உள்ளே வந்து என் மேஜைமேல், என் காகிதத்தின்மேலேயே, ஒரு எனாமல் தட்டை வைத்தாள். வெள்ளைத் துணி மூடியிருந்தது. கார்பாலிக் மருந்து வாசனை குப்பென்று வந்தது.

"நீருதான அந்த மனுவ எழுதினது?"

"ஆமாம் சிஸ்டர்."

"இதுல மாடத்தி விரல் ரெண்டு இருக்கு. எங்க போடணும்னு எழுதித் தாரும்."

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"சூள கிடையாது. பூட்டியாச்சு. கழிவு எல்லாம் குழியிலதான் போடணும்னு உத்தரவு. குழி அவ வீட்டு வாசல்ல இருக்கு. கொண்டுபோய் அவ வாசல்ல போட்டுட்டு வரட்டா? நாய் எடுத்துட்டுப் போனா அவளே பொறுக்கணும், அதுவும் உத்தரவுதானே? எழுதித் தாரும் தம்பி. நல்ல இங்கிலீஷ்ல எழுதித் தாரும்."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஹெட்கிளார்க், "சிஸ்டர், சிஸ்டர், இதொக்கெ ஆபீஸில் கொண்டுவரலாமோ" என்று முனகினார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நேரே ஸ்டோருக்குப் போய், சாவி கேட்டு, கொடுக்காதவனைப் பிடித்துத் தள்ளிவிட்டுச் சாவியை எடுத்தாளாம். சூளைக் கதவைத் திறந்து, தன் கையால் விறகு அடுக்கி, கொளுத்தினாள். சரியாக வார்டுகளுக்குச் சாப்பாடு போகிற நேரம். தகரக் குழாயில் புகை கிளம்பி ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்தது.

அனந்து மாமா சமையற்கட்டு வாசலில் வந்து நின்று பார்த்தார். என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாதத்தை வடித்தார். அன்றைக்கு அவர் கண் எரிகிறது என்று சொல்லவில்லை.

இரண்டாவது மனு

உத்தரவை மீறியதற்கு எஸ்தர் சிஸ்டருக்கு மெமோ. ஒரு வாரத்துக்குள் சமாதானம் சொல்லாவிட்டால் வேலை போகும். அந்த மெமோவையும் நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவார்கள்?

சிஸ்டர் சமாதானமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மூடச் சொல்லி எழுதத் தெரிஞ்சவருக்குத் திறக்கச் சொல்லியும் எழுதத் தெரியுமே. மாடத்தி கைய எழுதும். நடந்தத அப்படியே எழுதும், போதும்."

எழுதினேன். சத்தியமாக எழுதினேன். மாடத்தி என்கிற தொழிலாளி, இடுக்கியைப் பறித்துக்கொண்டதனால் வெறுங்கையால் அள்ளி, குப்பி கிழித்து, இரண்டு விரல் இழந்தாள் என்று பேரோடு எழுதினேன். கிணற்றைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு அலங்காரம் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதின முதல் யோக்கியமான இங்கிலீஷ் அதுதான் என்று தோன்றியது.

ஹெட்கிளார்க் படித்தார். திருப்பி என் மேஜைமேல் வைத்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். சிஸ்டர் வேலை போகக்கூடாது என்று அவருக்கும் இருந்தது.

"எடோ, ஒரு தோட்டிக்காரியுடெ விரல் போச்சுன்னா மேலே ஆர்டர் மாறுமோ? பார்க்கலாம்னு திரும்பி வரும். அதுக்குள்ளெ சிஸ்டருடெ பணி போகும். பழைய மாதிரி எழுதெடோ."

பழைய மாதிரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதற்குமேல் என்ன சார் வேண்டும், கையே போய்விட்டதே" என்று கத்தினேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "எனக்கு வேண்டாமெடோ. மேலெ உள்ளவங்களுக்கு வேணும்" என்றார்.

அவர் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியும். அந்த வித்தையை அவருக்கு முன்னால் நிரூபித்தவனே நான்தானே! மெமோவுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. மாடத்தி கையைப் பற்றி எழுதின காகிதத்தை மேஜை டிராயரில் போட்டேன். வேறு காகிதம் எடுத்தேன்.

திறந்த குழியில் கிடக்கும் ரத்தப் பஞ்சையும் சீழ்த்துணியையும் காக்கைகள் தூக்கிக்கொண்டு போய்ச் சமையற்கட்டுக் கிணற்றுக்குள் போடுகின்றன. அந்தத் தண்ணீரில் வெந்த அன்னம் தீட்டு. அந்தக் காக்கைகள் அக்கம்பக்கத்துக் கோயில்களின் பலிபீடத்திலும் போய் உட்காருகின்றன. ஆகையால் அசுத்தங்களை அக்னியால் அழிப்பதே ஆசாரத்துக்கு உகந்தது.

காக்கை பஞ்சைக் கிணற்றில் போட்டதை நான் பார்த்தேனா? இல்லை. யாரும் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. அனந்து மாமாவிடம் முதல் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"மாடத்தியைக் காணோமேடா இதுல?"

"அவளைப் போட்டா நடக்காது மாமா."

என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். போன தடவை மாதிரி என்னோடு சண்டை போடவில்லை.

இரண்டே நாளில் உத்தரவு. காக்கைக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்! குழியை மூட வேண்டியது. சூளையை உபயோகிக்க வேண்டியது. சமையலுக்கு இடைஞ்சல் இல்லாமல் மூன்று மணிக்குமேல் கொளுத்த வேண்டியது. சிஸ்டரின் மெமோவைப் பெரிய டாக்டரே கிழித்துப் போட்டார், அந்த மட்டுக்கு அவருக்குத் தைரியம் வந்தது.

எல்லாருக்கும் சந்தோஷம். ஹெட்கிளார்க் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு மனுஷியின் விரல் அறுந்து தட்டில் கிடந்தது, அது காரணமாக இல்லை. இல்லாத ஒரு காக்கை காரணமாயிற்று. அப்படிப்பட்ட ஊர், அப்படிப்பட்ட ஆபீஸ், அப்படிப்பட்ட பேனா. இதை நான் சாந்தமாக எழுத வேண்டுமாம்!

சூளையடியில்

அடுத்த வாரம் ஒரு நாள் மூன்று மணிக்குக் கொல்லைப்புறம் போனேன். அதுதான் முதல் தடவை. மழை விட்டிருந்தது. குழி இருந்த இடத்தில் புது மண்ணும் சுண்ணாம்பும் போட்டு மெழுகியிருந்தார்கள். சூளைக் கதவு திறந்திருந்தது, அனல் முகத்தில் அடித்தது.

மாடத்தி வேலையில் இருந்தாள். வலது கையில் கட்டு. இடது கையால் இடுக்கியைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாத கை, துணி நழுவி நழுவி விழுந்தது. விழுந்ததைக் குனிந்து மறுபடி இடுக்கியாலேயே எடுத்தாள். என்னைக் கண்டதும் அவசரமாக நாலடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"சாமி, நீங்களா? இங்கன எல்லாம் வருவியளா?"

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு சாமி. ராத்திரியில இல்லாத விரலு அரிக்கி." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சிஸ்டரம்மா சொன்னாவ. என் கைய எழுதச் சொல்லி உங்ககிட்ட அவுகதான் சொன்னாகளாம். நீங்க எழுதிப் போட்டுத்தானாம் சூளையத் திறந்தாவ."

நான் சூளைக்குள் எரிவதைப் பார்த்தேன்.

"எங்க குடிசை லைன்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன் சாமி. மாடத்தி விரலு சும்மா போகல, குழிய மூடிச்சுன்னு. அந்தக் கிணத்துலதான எங்க பிள்ளையளுக்கு மோந்து குடுக்கோம்." ஒரு நிமிஷம் தயங்கினாள். "சாமி, அந்தக் கடுதாசியில என் பேரு போட்டியளா? இல்ல, தோட்டின்னு மட்டும் போட்டியளா?"

டிராயரில் கிடந்த காகிதம் எனக்குத் தெரியும். மேலே போன காகிதமும் தெரியும். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பேர்தான் போட்டேன்."

"மாடத்தின்னா போட்டிய?"

"மாடத்தின்னுதான்."

அவள் இடுக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த எட்டு விரலையும் சேர்த்து என்னைக் கும்பிட்டாள்.